ஏரிக்கரையில் உட்கார்ந்து பறவை வரைவது எப்படி: பென்சிலிலிருந்து வாட்டர்கலர் வரை

நேரில் பார்த்துப் பறவை வரையலாம் என்று ஆசையோடு கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் முதல் காலையிலேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பாதி வரைவதற்குள் பறவை திரும்பிக்கொள்கிறது, இல்லையென்றால் பறந்தே போய்விடுகிறது. போட்டோவைப் பார்த்து வரைந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு அரைமணி நேரம் ஒரே நாரையைப் பார்த்துக்கொண்டிருங்கள், அதற்கு மொத்தமே ஏழெட்டு நிலைகள்தான் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும். கழுத்தைச் சுருக்கி நிற்கும், நீட்டிப் பார்க்கும், இந்தப் பக்கம் இறகு கோதும், அந்தப் பக்கம் கோதும், ஒரு காலை மடக்கும், மறுபடி கழுத்தைச் சுருக்கிக்கொள்ளும். விட்டுப்போன நிலைக்கு அதுவே திரும்பி வரும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கிறது.

நீர்ப்பறவைகளை வைத்தே சொல்கிறேன். பெரிய உடம்பு, திறந்த வெளி, நீண்ட நேரம் ஒரே இடம் என்று கற்றுக்கொள்பவருக்கு வேண்டியதெல்லாம் அவற்றிடம்தான் இருக்கிறது. காட்டுக்குள் போய் இலைக்கு நடுவே தையல்சிட்டைத் தேடுவதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

எங்கே, எப்போது, எந்தப் பறவை

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்த பிறகு, நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேடந்தாங்கல் இருக்கிறது. 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் இந்த ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. வரைகிறவருக்கு அங்கே கிடைக்கும் வசதி வேறு: கரையில் உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். பக்கத்திலேயே கரிக்கிலி, அதுவும் பறவைச் சரணாலயம்தான். நகரத்தை விட்டுப் போக முடியாதவர்களுக்குப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது, சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழியையும் நெடுங்கால் உள்ளானையும் பார்க்கலாம். லாரி ஹாரன் சத்தம்தான் இலவச இணைப்பு.

திருநெல்வேலிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் ஏரியோடு நிற்காமல் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் கூடு கட்டுகின்றன, ஊர் மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. மஞ்சள்மூக்கு நாரையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வரைய இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம். கோடியக்கரை அழகான இடம்தான், ஆனால் பூநாரைகள் பெரும்பாலும் வெகு தூரத்தில் இருக்கும், ஸ்கோப் (டிரைபாடில் நிற்கும் தொலைநோக்கி) இல்லாமல் போனால் இளஞ்சிவப்புக் கோடு ஒன்றுதான் வரையக் கிடைக்கும்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கும், வரப்பில் குந்தியிருக்கும் மடையானும் எந்த ஊரிலும் உண்டு.

எதில் தொடங்குவது என்றால், சாம்பல் நாரை. அது அசையாமல் நிற்பதைத் தொழிலாகவே வைத்திருக்கிறது. அடுத்து இறக்கையை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா. அதன் இறகு தண்ணீரில் நனைந்துவிடும் வகை என்பதால் முங்கி எழுந்தபின் நெடுநேரம் அப்படியே நின்றாக வேண்டும், நமக்கு அது இலவச மாடல். கூட்டில் நிற்கும் நாரைகள் மூன்றாவது. உள்ளான் வகைகளையும் முக்குளிப்பானையும் முதல் சில மாதங்களுக்குத் தொடவேண்டாம். மனசு விட்டுப்போகும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். 2பி, 4பி பென்சில் இரண்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா, கையடக்கமான கெட்டி அட்டை நோட்டு ஒன்று. அழிரப்பர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கையில் அது இருந்தால் பறவையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பேப்பரைத் தேய்த்துக்கொண்டிருப்போம். தப்பான கோட்டுக்குப் பக்கத்திலேயே சரியான கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போட்டால் போதும்.

பென்சில் பயிற்சிக்கு சாதாரண நோட்டே போதுமானது. விலை உயர்ந்த பேப்பரில் வரையும்போது கை பயப்படுகிறது, பயந்த கை மெதுவாகப் போகிறது, பறவை காத்திருப்பதில்லை. வண்ணத்துக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் பேப்பரைச் சின்னத் துண்டுகளாக, தபால் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெட்டி ஒரு பரீட்சை அட்டையில் மாட்டிக்கொள்ளலாம். ஏரிக்கரைக் காற்று சும்மா இருக்காது, கீழ்ப்பக்கத்துக்கும் இரண்டு துணி கிளிப் போட்டுவிடுங்கள்.

பைனாகுலர் 8x42 என்ற அளவில் (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) இருப்பது நல்லது. 10 மடங்கு வாங்கினால் இன்னும் கிட்டத்தில் தெரியும் என்று கடைக்காரர் சொல்வார், தெரியும்தான், ஆனால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் வரைவதற்கு அது ரொம்பவே ஆடும். வசதி இருந்தால் டிரைபாடில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் இந்த வேலைக்குச் சரியான கருவி. இரண்டு கையும் சும்மா இருக்கும், கண்ணை மட்டும் கொண்டுபோனால் போதும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வதில் தப்பே இல்லை.

மடக்கு ஸ்டூல், தொப்பி, குடிக்கத் தனியாகத் தண்ணீர், பிரஷ் கழுவத் தனியாகத் தண்ணீர் (இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம், இதைப் பட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை). உடை காக்கியோ மங்கிய பச்சையோ. வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரியும்.

போவதற்கு முன்: காக்கையும் கோழியும்

ஒரு வாரமாவது வீட்டு மாடியில் காக்கை வரையுங்கள். உடம்பு பெரும்பாலும் கருப்பு என்பதால் இறகு நுணுக்கத்துக்குள் கண் போய்ச் சிக்கிக்கொள்ளாது, வடிவம் மட்டும் தெரியும். ஒரு நிலைக்கு முப்பது வினாடி, அவ்வளவுதான். முப்பது வினாடியில் முதுகுக் கோடு, அலகு இருக்கும் திசை, வால், கால் நிற்கும் இடம் நான்கும் வந்துவிட்டால் அந்தப் படம் முடிந்தது, அடுத்தது. கோழி வளர்ப்பவர் வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது, நடக்கும் பறவையின் கழுத்து எப்படி முன்னும் பின்னும் போகிறது என்பதை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம்.

இன்னொரு பயிற்சி இதைவிட முக்கியம். பறவையைப் பத்து வினாடி பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மனதில் ஒருமுறை அதன் வெளிக்கோட்டைச் சுற்றி வாருங்கள். பிறகு பறவையைப் பார்க்காமலே வரையுங்கள். முதலில் வருவது பறவையாகவே இருக்காது, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எதை மறந்தோமோ அதை அடுத்த முறை கண் தானாகவே தேடிப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஏரியில் நமக்கு உதவப்போவது இந்தப் பழக்கம்தான், ஏனென்றால் அங்கே வரைவதில் பாதி, பறவை நகர்ந்த பின் நினைவிலிருந்து வரைவது.

முதல் கால்மணி நேரம் பென்சிலைத் தொடாதீர்கள்

இடத்துக்குப் போனதும் உட்காருங்கள். வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் நிறம் தெரியும், பக்கவாட்டில் இருந்தால் உருண்டை தெரியும், எதிரில் இருந்தால் நிழலுரு மட்டும்தான் தெரியும். எதிர்வெயிலை வேண்டாம் என்று தள்ளவேண்டியதில்லை, வடிவம் படிக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனால் வண்ணம் பூசத் திட்டம் இருந்தால் காலை ஏழு மணி வாக்கில் பக்கவாட்டு வெயில் படும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து பத்தரைக்கு மேல் தண்ணீர் மேல் கானல் அலை எழுந்து தூரத்துப் பறவையின் ஓரமெல்லாம் நெளிய ஆரம்பித்துவிடும்.

பிறகு ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. அது என்னென்ன நிலைகளுக்குப் போகிறது, எதில் அதிக நேரம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். சாம்பல் நாரை கழுத்தை மடித்துக் காத்திருக்கும் நிலைக்கு அடிக்கடி திரும்பும். கரண்டிவாயன் தண்ணீரில் அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும், அந்த வீச்சுக்கு ஒரு தாளம் உண்டு, தாளம் பிடிபட்டால் எந்தக் கணத்தில் அலகு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். நத்தைகுத்தி நாரை இரை தேடும்போது தலை பாதி தண்ணீருக்குள்தான், அதனால் அதைக் கூட்டில் நிற்கும்போது பிடிப்பது சுலபம்.

கோடு போடும் வரிசை

முதல் கோடு, பறவையின் அச்சு. தலையில் தொடங்கி முதுகு வழியாக வால் நுனி வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு. இந்தக் கோட்டின் சாய்வில்தான் இனமே இருக்கிறது: வக்கா குனிந்த கிழவர் மாதிரி கிடைமட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பாம்புத்தாரா ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். சாய்வு தப்பினால் பின்னால் எவ்வளவு அழகாக இறகு வரைந்தாலும் அது வேறு பறவைதான்.

அதன்மேல் உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு சின்ன வட்டம். முட்டையின் பருத்த முனை மார்புப் பக்கம். கழுத்தை இந்த இரண்டையும் இணைக்கும் குழாயாக வரைந்துவிடாதீர்கள். சாம்பல் நாரை, கொக்கு, பாம்புத்தாரா இவற்றின் கழுத்து வழவழவென்று வளைவதில்லை, ஓரிடத்தில் ஒடிந்து திரும்புகிறது. அந்த ஒடிவுதான் ஈட்டி எறிகிற வேகத்தில் அலகைச் செலுத்துகிற விசை. ஒடிவு எங்கே என்று ஒரு சின்னக் குறி போட்டுவிட்டு அப்புறம் கோட்டை இழுங்கள்.

அடுத்து அலகு. நீளத்தைக் கண்ணளவில் நம்பாதீர்கள், தலையோடு ஒப்பிடுங்கள். தலை ஒரு பங்கு என்றால் அலகு எத்தனை பங்கு? உடம்பு எத்தனை? கால் எத்தனை? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் வரைந்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும்தான் வரும், எல்லோருக்கும் அப்படித்தான் வரும், ஏனென்றால் நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நெடுங்கால் உள்ளானை வரையும்போது காலின் நீளத்தை அளந்தபடி போட்டுவிட்டு, இவ்வளவு நீளமா என்று சந்தேகப்பட்டுக் குறைக்காதீர்கள். அது நிஜமாகவே அவ்வளவு நீளம்.

கால் வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. நிற்கிற பறவையின் உடம்பு எடை பாதத்துக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது விழுந்துவிடும். வரைந்து முடித்ததும் முட்டையின் நடுவிலிருந்து கீழே ஒரு நேர்கோடு விட்டுப் பாருங்கள், அது பாதத்தில் விழ வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த ஒரு பாதம் உடம்புக்கு நடுவே நகர்ந்து வருவதையும் நேரில் கவனிக்கலாம். அப்புறம், பின்பக்கமாக மடங்குவதாகத் தெரிகிற மூட்டு முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்று இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இது தெரிந்துவிட்டால் பறவை உட்காரும்போதும் கால் மடக்கும்போதும் என்ன நடக்கிறது என்பதில் குழப்பமே வராது.

பறவைக்கும் கிளைக்கும் நடுவே, கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே தெரிகிற வெற்றிடத்தின் வடிவத்தையும் பாருங்கள். கழுத்து வளைவு சரிப்பட்டு வரவில்லை என்றால் கழுத்தை விட்டுவிட்டு அந்த வெற்றிடத்தை வரையுங்கள், கழுத்து தானாக வந்து உட்காரும்.

ஒரே பக்கத்தில் ஆறு பறவை

இங்கேதான் முதலில் சொன்ன விஷயத்தைப் பயன்படுத்தப்போகிறோம். ஒரு பக்கத்தில் ஒரு படம் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். முதல் படத்தைப் பக்கத்தின் மூலையில் சின்னதாகத் தொடங்குங்கள். பறவை நகர்ந்ததா, பென்சில் அந்த நொடியே நிற்க வேண்டும். நகர்ந்த நிலைக்குப் பக்கத்தில் புதுப் படம் தொடங்குங்கள். மறுபடி நகர்ந்தால் மூன்றாவது. இப்படியே ஐந்தாறு அரைகுறைப் படங்கள் ஒரே பக்கத்தில் வளரும். பறவை முதல் நிலைக்குத் திரும்பியதும் நீங்களும் முதல் படத்துக்குத் திரும்புங்கள், விட்ட இடத்திலிருந்து ஒரு பத்து வினாடி வேலை செய்யுங்கள்.

பழைய படத்தை நினைவிலிருந்து முடித்துவிடலாம் என்ற ஆசை வரும். பறவை இன்னும் கண்முன்னே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். நகர்ந்த பறவையைப் பார்த்துக்கொண்டே பழைய நிலையை முடித்தால் தலை ஒரு நேரத்துக்கும் உடம்பு இன்னொரு நேரத்துக்கும் சொந்தமாகிவிடும், கழுத்து எங்கே திருகியது என்று யாருக்கும் புரியாது. பறவை பறந்துபோன பிறகு வேண்டுமானால் உடனே, சூடாறுவதற்குள், நினைவிலிருந்து ஒரு நிமிடம் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்த கோடுகளை மெல்லியதாகப் போட்டால் எது பார்த்தது, எது நினைத்தது என்று பின்னால் பிரித்துப் பார்க்க முடியும்.

கூட்டமாக உட்காரும் பறவைகளில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. நீங்கள் வரைந்துகொண்டிருந்த நத்தைகுத்தி திரும்பிவிட்டால், மூன்று கிளை தள்ளி அதே நிலையில் இன்னொன்று நிற்கும். அதைப் பார்த்துத் தொடரலாம். ஒரே வயதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நத்தைகுத்தியின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். வளர்ந்த வக்கா கருப்பும் சாம்பலுமாக இருக்கும், இளசு பழுப்பில் புள்ளி புள்ளியாக வேறு பறவை மாதிரியே இருக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் இயற்கையில் இல்லாத ஒரு பறவை பிறந்துவிடும்.

பக்கம் பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். பின்னால் வந்து எட்டிப் பார்ப்பவர்கள் "என்ன சார், ஒன்றையும் முடிக்கவே இல்லையே" என்பார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இறகு, கண், அலகின் அடி

இறகை ஒவ்வொன்றாக வரைகிற ஆசையை அடக்குங்கள். தூரத்திலிருந்து தெரிவது இறகுத் தொகுதிகள்: தோள்மேல் சரியும் இறகுகள், இறக்கையின் மேற்பரப்பை மூடும் சின்ன இறகுகளின் வரிசைகள், அவற்றுக்குக் கீழே நீண்ட பறப்பு இறகுகள். இறக்கை மடியும்போது இந்த நீண்ட இறகுகள் சேலைக் கொசுவம் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து அடங்கிவிடும், உடம்பை ஒட்டிய உள்பக்க இறகுகள் அவற்றின் மேலே மூடிபோட்டது போல் வந்து விழும். மஞ்சள்மூக்கு நாரையின் பின்பக்கத்தில் தெரியும் அந்த ரோஜா நிறம் இந்த உள்பக்க இறகுகளில்தான் இருக்கிறது. வாலில் இருப்பதாக நினைத்து நிறையப் பேர் வாலுக்குப் பூசிவிடுகிறார்கள். தொகுதிகளின் எல்லையை மட்டும் நான்கு கோட்டில் குறித்தால் போதும், இரண்டோ மூன்றோ இறகுக்கு மட்டும் ஓரம் காட்டுங்கள்.

கண்ணை வரைவதற்கு முன் வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு இரண்டாகப் பிரியும் கோட்டைத் தலைக்குள் நீட்டினால் கண் அதற்கு மேலே எவ்வளவு தள்ளி, எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று தெரியும். கண் ஒரு நூல் அளவு மேலே ஏறினாலும் பறவைக்கு மனித முகபாவம் வந்துவிடும், திகைத்துப்போன கொக்கு எல்லாம் இப்படித்தான் உருவாகிறது. கண்ணில் வெளிச்சப் புள்ளியை எப்போதும் போடவேண்டும் என்றும் இல்லை. நீங்கள் பார்த்தபோது இருந்ததா? இருந்தால் போடுங்கள்.

எழுதிவையுங்கள்

படத்தைச் சுற்றி எழுத வெட்கப்படாதீர்கள். தேதி, நேரம், இடம், வெயில் வந்த திசைக்கு ஓர் அம்புக்குறி. பிறகு நிறங்கள்: "கால் மஞ்சள் இல்லை, மங்கிய பச்சை", "முதுகு வயிற்றைவிட இருட்டு", "அலகின் அடி வெளிர், நுனி கருப்பு". கொக்குகளில் இந்தக் குறிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தால் தீர்ந்தது. எல்லாம் வெள்ளை. சின்னக் கொக்குக்குக் கருப்பு அலகு, கருப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு. பாதம் சேற்றுக்குள் இருந்து தெரியவில்லை என்றால் "பாதம் பார்க்கவில்லை" என்றே எழுதுங்கள், யூகித்து வரையாதீர்கள்.

இந்த விஷயத்தில் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1801 முதல் 1807 வரை சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேய ஓவியர் எலிசபெத் குவில்லிம், பறவை பிடிப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்ட வாட்டர்கலர் படங்கள் வரைந்தார். அவை இன்று கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர் காலத்தில் பறவையை நம்மிடம் கொண்டுவரத்தான் முடிந்தது, இன்று நாம் பறவையிடம் போகிறோம். நம் ஊர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) தன் கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியமும் போட்டவர். எழுத்தும் கோடும் ஒரே ஆளின் கண்ணிலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரைத் தேடிப் பாருங்கள்.

வண்ணம்

பென்சிலில் கை ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு வண்ணத்துக்கு வாருங்கள். ஆறு நிறம் போதும்: அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஒரு பளிச்சென்ற மஞ்சள், பெர்மனென்ட் ரோஸ். கருப்பும் வெள்ளையும் பெட்டியில் இருந்தாலும் களத்தில் அவற்றைத் திறக்க வேண்டாம். ஒரு நடுத்தர வட்டப் பிரஷ், நுனி கூர்மையாக இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய வாட்டர் பிரஷ் இருந்தால் கரையில் சௌகரியம், ஆனால் அகலமாகப் பூசும்போது அது தேவைக்கு மேல் சொட்டும்.

அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கிடைக்கும் சாம்பல்தான் நீர்ப்பறவை வரைகிறவரின் பிழைப்பே. நீலம் தூக்கலாக இருந்தால் சாம்பல் நாரையின் முதுகு, பழுப்பு தூக்கலாக இருந்தால் கூழைக்கடாவின் மங்கிய இறக்கை, கெட்டியாகக் குழைத்தால் நீர்க்காகத்தின் கருப்பு. டியூபிலிருந்து எடுத்த கருப்பைப் பூசினால் நீர்க்காகம் பேப்பரில் விழுந்த ஓட்டை போல் ஆகிவிடும். அதன் முதுகில் வானம் படுகிற இடத்தை மெல்லிய நீலமாக விட்டுவிடுங்கள், அப்போதுதான் அது ஈரமான, பளபளக்கிற கருப்பாகத் தெரியும்.

வெள்ளைப் பறவைதான் எல்லோரையும் மிரட்டுவது. வெள்ளை என்பது பேப்பர். வெயில் படும் இடத்தைத் தொடவே கூடாது. நீங்கள் பூசப்போவது நிழலை மட்டும். நிழல் ஒரே சாம்பல் இல்லை என்பதையும் பாருங்கள்: வானத்தைப் பார்த்திருக்கும் நிழல் நீலம் கலந்தது, வயிற்றுப் பக்கம் தண்ணீரிலிருந்தோ மணலிலிருந்தோ வெளிச்சம் மேலே அடிப்பதால் கொஞ்சம் மஞ்சளாக, இலைகளுக்கு நடுவே நிற்கும் கொக்கின் வயிறு பச்சையாகக்கூட இருக்கும். வெயில் கடுமையாக இருக்கும்போது கொக்கின் நிழல் பக்கம் பின்னால் இருக்கும் வெளிறிய வானத்தைவிட இருட்டாக இருப்பதைப் பார்த்தால் முதலில் நம்ப முடியாது. கண் சொல்வதை நம்பிப் பூசுங்கள். பிறகு பறவையைச் சுற்றி மரத்தின் இருட்டை வைத்தால் வெள்ளை தானாக வெளியே வரும்.

மீன்கொத்தியின் நீலமும் பனங்காடையின் நீலமும் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் வருகிறது. அதனால் வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும், மேகம் மூடியதும் அணைந்ததுபோல் ஆகும். அந்த நீலத்தைத் தாலோ நீலத்தில் ஒரே பூச்சாகப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுங்கள். மேலே மேலே பூசினால் சேறாகிவிடும். பக்கத்தில் வரும் பழுப்பையும் சிவப்பு அலகையும் நீலம் காய்ந்த பிறகு வையுங்கள். மடையானுக்கு நேர் எதிர் முறை: ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் ஈரமாகக் கலக்கட்டும், காய்ந்தபின் கழுத்துக் கோடுகளைக் கூர்நுனியில் இழுங்கள்.

காலைப் பனியில் பூச்சு காயவே காயாது, பத்து மணிக்கு மேல் பூசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். காலையில் இரண்டு மூன்று துண்டுப் பேப்பர்களை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், வெயில் ஏறியதும் சின்னதாக வரையுங்கள். முழு ஓவியத்தைக் களத்தில் முடிக்க நினைக்கவே வேண்டாம், நிறக் குறிப்பு கிடைத்தால் போதும். பிரஷ் கழுவிய தண்ணீரை ஏரியில் கொட்டாமல் பாட்டிலிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பறக்கிற பறவை

தனியாக நிற்கும் பறவையின் பறத்தலைத் துரத்தாதீர்கள். கூட்டுக்கு வந்துபோகிற பாதையைத் தேடுங்கள், மாலையில் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் ஒரே வழியில் வரிசையாக வரும், அடுத்தடுத்து ஒரே கோணத்தில் ஒரே வடிவம் கிடைத்துக்கொண்டே இருக்கும். இறக்கையின் ஒரு நிலையை, மேலே உயர்ந்ததையோ கீழே இறங்கியதையோ, முடிவு செய்துகொண்டு அதற்காக மட்டும் காத்திருங்கள். நாரைகளும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் கழுத்தை நீட்டிப் பறக்கும். கொக்கு இனமும், பெயரில்தான் நாரையாக இருக்கிற சாம்பல் நாரையும் கழுத்தை மடித்துப் பறக்கும். நம் பெயர் வழக்கைப் பார்த்து ஏமாறாமல் கழுத்தைப் பாருங்கள். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், எழுந்தால் திடீரென்று வெள்ளை இறக்கை. அந்த மாற்றத்தை அருகருகே இரண்டு சின்னப் படமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

கூட்டுக்குப் பக்கத்தில்

கூடு இருக்கும் காலத்தில் கரையையும் நடைபாதையையும் விட்டு இறங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டையும் குஞ்சும் நேர்வெயிலில் கிடக்கும், அந்த இடைவெளிக்காகவே காக்கை காத்திருக்கும். நீங்கள் வரையும் பறவை கோதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உங்களையே பார்க்கிறது என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கல்லெறிந்து பறக்கவைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். பயந்த பறவையின் இறகு உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒல்லியாகிவிடும், அதை வரைந்தால் படமும் பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று இரவே நோட்டைத் திறந்து, நினைவில் இருக்கும்வரை குறிப்புகளைச் சேர்த்துவிடுங்கள். பெரிய ஓவியம் செய்வதாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் ஆறில் எந்த நிலை உயிரோடு இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது மிகக் குறைந்த கோடுகள் உள்ள படமாகத்தான் இருக்கும். அதை டிரேசிங் பேப்பரில் எடுத்துப் பெரிதாக்குங்கள். விரல், செதில், அலகு மூட்டு போன்ற நுணுக்கத்துக்குப் போட்டோவைப் பார்க்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் நிலையையும் சாய்வையும் நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டோ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்திருக்கிறது, கண் இமைப்பதும் கழுத்து பாதித் திருகலில் இருப்பதும் அதில் நிஜ நிலையாகிவிடும். நோட்டும் போட்டோவும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி ஏரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெரிய பேப்பரை ஈரப்படுத்தி, பசை டேப்பால் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டிக் காயவைத்த பிறகு பூசத் தொடங்குங்கள். பின்னணியை முதலில் மெல்லியதாக (வெள்ளைப் பறவையானால் அதன் இடத்தை விட்டுவிட்டு), பறவையை அதன்மேல், தண்ணீரில் விழும் பிம்பத்தைக் கடைசியில். பிம்பம் பறவையைவிடக் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும், வெள்ளைப் பறவையின் பிம்பம்கூட முழு வெள்ளையாக இருக்காது. முடிந்ததும் பலகையிலிருந்து பேப்பரை வெட்டியெடுக்க அவசரப்படாதீர்கள், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் காய விட்டுவிடுங்கள்.